ஒட்டுப் பேரி

புதாபெஸ்ட்
1963 ஏப்ரல் 18

என் எதெல்காவுக்கு,

நலமா? உன்னவர் கால்மானின் இருமல் நின்றதா? நீ கொடுத்தனுப்பிய பேரிக்காய் ஜாம் நேற்றுதான் தீர்ந்தது. புட்டியை வழித்துத் தின்றேன்.

ஒரு நல்ல செய்தி. 28ஆம் தேதி ஞாயிறு மாலை என் கதையை வானொலியில் வாசிக்கிறார்கள். ஒரு தோட்டத்தைப் பற்றியது. நம் எழுத்தாளர்களில் தோட்டத்தை எழுதாதவர் யார்? கோடைதோறும் உன் தோட்டத்தில் கிடந்தவள் நான் மட்டும் எப்படி விடுவேன்? கட்டாயம் கேள்.

முத்தங்களுடன்,
சரோல்தா

கோசெக்
மே 2

சரோல்தா,

கேட்டேன். தனியாகக் கேட்கவில்லை. "என் சிநேகிதி கதை ரேடியோவுல வருது" என்று தெருவில் பாதிப் பேரை அழைத்து, கசகசா கேக் வெட்டி வைத்து உட்கார்ந்தேன். கால்மான்தான் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

உன் கதையில், போர்க்கைதியாகப் போன கணவன். அவன் இல்லாத நாளில் மாடியில் வாடகைக்கு இருந்து மனைவிக்கு நெருக்கமான நில அளவைக்காரன், அவன் ஒட்டுக் கட்டிய பேரி மரம். திரும்பி வந்த கணவன் ஆண்டுதோறும் அந்தப் பழத்தைத் தெருவுக்கே வெட்டிக் கொடுத்து, "இந்த இனிப்பு வேற எங்கயும் கெடைக்காது" என்பது. பெயர்களை மாற்றினாய். அந்தப் பேச்சை மாற்றவில்லை. தெருவே கால்மான் வாயால் கேட்ட பேச்சு அது.

பக்கத்து வீட்டுப் பிரோஷ்கா அக்கா, "அடுப்புல பாலை வச்சுட்டு வந்துட்டேன்" என்று முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக. கேக்கை யாரும் தொடவில்லை.

செர்ரிப் பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டே ஒரு கோடையில் உன்னிடம் சொன்னேன். பாதிரியாரிடம்கூடச் சொல்லாதது.

எதெல்கா

புதாபெஸ்ட்
மே 6

அன்பு எதெல்கா,

உன் கடிதம் என்னை வருத்திவிட்டது. அந்தப் பெண்ணை எவ்வளவு மேன்மையாக எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? முன்பின் தெரியாத பெண்களெல்லாம் "இது என் கதை" என்று எழுதுகிறார்கள். கால்மானுக்கு என்றைக்காவது தெரியவேண்டியதுதானே? இனி மறைக்க ஒன்றுமில்லாமல் வாழலாம். ஜூலையில் வருகிறேன். அவரிடம் நானே பேசுகிறேன்.

உன் சரோல்தா

கோசெக்
மே 20

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அம்மையாருக்கு,

என் கணவரிடம் நீங்கள் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அன்று எல்லோரும் போனதும் அவர் வானொலியை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"கைதி முகாம்லேர்ந்து வந்த அன்னைக்கே உன் முகத்துல தெரிஞ்சுது எதெல்கா. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அந்தப் பழத்த ஊருக்கே வெட்டிக் குடுத்தேன். இனிமே யாருக்குக் குடுப்பேன்?"

"என்மேல கோவமா?" என்றேன்.

"கோவமில்ல. தெருவுல நடக்க முடியல, அவ்வளவுதான்."

இப்போது கியோர் நகரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினைந்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் எனக்குத் தெரியாத மனிதர் அவர். அவரைத் தெரிந்துகொண்ட அன்றே இழந்தேன். இதையும் நீங்கள் எழுதக்கூடும். தடுக்க என்னால் முடியாது.

ஜூலையில் வரவேண்டாம். நீங்கள் தங்கும் மாடி அறையை ஒரு தபால்காரருக்கு விட்டிருக்கிறேன். நல்ல மனிதர், அதிகம் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

இப்படிக்கு,
திருமதி கால்மான் வேரெஷ்