சுருதி சேர்ப்பது யார்

விருத்தாசலம்

அன்பு மகன் பிரேம்நாத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தை கனிஷ்காவும் அந்தக் கனடா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கோபமாகத்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

நம் ஆர்கன் கம்பெனியின் வரலாறு என்று நீ வெப்சைட்டில் போட்டதை உன் தங்கை கனிமொழி படித்துக் காட்டினாள். அப்பா சின்ன வயதிலேயே சர்ச்சில் ஆர்கன் கேட்டு மயங்கி அதையே லட்சியமாகக் கொண்டாராம். யாரப்பா உனக்குச் சொன்னது. அவர் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்துகொண்டிருந்தவர். நெய்வேலிப் பக்கம் ஒரு சர்ச் ஆர்கனின் ஈயக் குழாய்களில் பாதியை எவனோ திருடி எடைக்குப் போட்டுவிட்டான், அந்தப் பாஸ்டர் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார். இவரும், மண்ணுல செஞ்சா யாரும் திருட மாட்டாங்க, நான் செஞ்சி தரேங்க என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். ஆர்கன் என்றால் காற்றை ஊதிக் குழாய்களைப் பாடவைக்கிற வாத்தியம் என்றே அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது. மிச்சமிருந்த குழாய்களை அளந்து அதே கணக்கில் களிமண்ணில் செய்து சுட்டோம். சூளையில் வெந்தால் மண் சுருங்கும், அதற்கு இடம் விட்டுத்தான் எதையும் செய்வோம், பாட்டுக் குழாய் என்ற பயத்தில் அப்பா அதை மறந்துவிட்டார். எல்லாம் குட்டையாகி ஒரே கீச்சுக் குரல். பாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மறுபடி செய்யுங்க என்றார், அப்படித்தான் நம் கம்பெனி தொடங்கியது. இதில் என்ன குறைச்சல் கண்டாய் நீ.

அதைக்கூட விடு. இன்றும் ஒவ்வொரு குழாயையும் நிறுவனர் சுப்பிரமணியனே காதால் கேட்டுச் சுருதி சேர்க்கிறார் என்று முடித்திருக்கிறாயே, அவருக்குக் காது மந்தமாகி இரண்டு வருஷம் ஆகிறது. போனில் அவர் ஹலோ ஹலோ என்று கத்துவதை சிக்னல் கோளாறு என்றா நினைத்தாய். குழாயின் மேல்வாயில் இருக்கிற மரக்கட்டையை ஏற்றி இறக்கிச் சுருதி சேர்ப்பது நான். இப்போது உன் வரியைப் படித்துவிட்டு, ஆர்கன் கேட்டிருக்கிற கொடைக்கானல் ஸ்கூல்காரர்கள் தை பிறந்ததும் வருகிறார்களாம், அப்பா சுருதி சேர்ப்பதை வீடியோ எடுத்த பிறகுதான் ஆர்டராம். அதிலிருந்து அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. நேற்று என்னிடம், நீ கேமராவுக்குப் பின்னால நின்னு சைகை காட்டு, நான் கட்டைய ஏத்தி எறக்குறேன் என்கிறார். இந்த வயதில் நாங்கள் வேஷம் கட்டவேண்டுமா. பொய் சொல்லத் தெரியாத மனுஷனை இப்படி ஆக்கிவிட்டாயே. முடியாது, நான்தான் செய்வேன், நீங்க காத்துத் துருத்தியைப் புடிங்க என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து சாப்பாட்டில் கையை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர்கள் வருவதற்குள் அந்த வரியை மாற்று. குழந்தைக்குக் காது மூடுகிற மாதிரி குல்லா போடுங்கள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். இன்னொன்று, அந்த வரலாறு முழுக்க என் பெயரைத் தேடினேன், ஓரிடத்திலும் இல்லை. அது பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அப்படி எழுதமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
குழாய்களுக்குச் சுருதி சேர்க்கிற
உன் அம்மா சிந்தாமணி