முதல் குமிழிகள்

ஹார்லெம்,
பிப்ரவரி 1774

அன்புள்ள டீடெரிக்குக்கு,

மாக்டெல்ட் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். பாரிஸ் குளிரில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லை. இங்கே கால்வாய் இன்னும் உறைந்து கிடக்கிறது. நம் மருந்துக் கடையில் ஓயாத கூட்டம். ரொட்டிக்காரர் மனைவி மட்டும் மருந்துக்கு வருவதில்லை, வம்புக்கு வருகிறாள். "காத்தைப் புட்டியில அடைச்சு வைக்கிறீங்களாமே, எங்க வீட்டுல ஜன்னலைத் திறந்தா சும்மாவே வருது" என்கிறாள்.

நீங்கள் சொல்லிப் போனபடி லுபெர்ட் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். உங்களோடு படித்தவர், நம் மாடியிலேயே இருப்பவர் என்றாலும் கை நீளம், தீயைச் சுடர்விட்டு எரிய வைக்கும், நீங்கள் கண்டுபிடித்த அந்தப் புதுக் காற்றைத் தன் பெயரில் ஊருக்குச் சொல்லிவிடுவார் என்றீர்கள். வெளியே கிளம்பினால் எங்கே என்று கேட்கிறேன். தொட்டித் தண்ணீரில் கவிழ்த்து வைத்த புட்டிகளைத் தினமும் எண்ணுகிறேன். ஒன்றும் குறையவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு ஒழுங்கான ஆள் எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் கடிதம் செவ்வாயன்று வந்தது. அங்கே அறிவியல் சபைப் பெரியவர்கள் முன்னால் சோதனை காட்டியபோது மெழுகுவர்த்தி பிரகாசிக்கவில்லை, சாதாரணமாகத்தான் எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். லுபெர்ட் புட்டியை எப்படி நிரப்புகிறார் என்று, காட்டிக்கொள்ளாமல் கேட்டு எழுதச் சொன்னீர்கள்.

கேட்டேன். ஒரு கிண்ணம் பட்டாணி சூப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டுங்களேன் என்றேன். ஏதாவது சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உடனே சிவப்புப் பாதரசப் பொடியைக் குடுவையில் போட்டுச் சூடாக்கினார். குழாய் வழியே தண்ணீரில் குமிழி வந்தது. அவர் குமிழியைப் பிடிக்கப் புட்டியை நீட்டாமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்றேன்.

"முதல்ல வர்றது குடுவைக்குள்ள ஏற்கெனவே இருந்த நம்ம வீட்டுக் காத்துதான் அண்ணி. அதைப் போக விடணும். அண்ணனுக்கு அதுவரைக்கும் பொறுமை ஏது? இந்தக் காத்து முதல்ல கிடைச்ச அன்னிக்குக்கூட அவர் கீழே கடையிலதான் இருந்தாரு. நான் கத்தினப்புறம்தான் மேலே ஓடி வந்தாரு" என்று சிரித்தார். பிறகு பிடித்த புட்டியில், கங்கு மட்டும் மிச்சமிருந்த ஒரு குச்சியை விட்டார். குப்பென்று பற்றிக்கொண்டது. பிள்ளைகள் கூத்தாடினார்கள்.

நீங்கள் தனியாக இருந்தபோது கிடைத்தது என்றல்லவா என்னிடம் சொன்னீர்கள்? இத்தனை நாளும் யார் பொருளை யாரிடமிருந்து காவல் காத்தேன் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று எழுதுவதுகூட உங்கள் மேல் உள்ள மரியாதையால்தான்.

எழுந்து வரும்போது அவர் ஒன்று கேட்டார். "அண்ணன் என் பேரைச் சொன்னதும் பாரிஸ்ல என்ன சொன்னாங்களாம்?" என்றார். இன்னும் தகவல் வரவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன். முதல் குமிழிகளைப் போக விடுங்கள். இந்த முறை மெழுகுவர்த்தி நன்றாகவே எரியும். எல்லோரும் எழுந்து வந்து இதை யார் கண்டுபிடித்தது என்று உங்களிடம் கேட்பார்கள். இங்கே லுபெர்ட் தபால் வந்ததா என்று தினமும் கேட்கிறார். நானும் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் கடவுள் உங்கள் நாவில் இருக்கட்டும்.

உங்கள் மனைவி,
மாக்டெல்ட்