தகட்டில் அடித்ததல்ல

மயிலாப்பூர்
3.2.2025

அன்பு ஜாஸ்மின்,

நலம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய் என்றுதான் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டுக் கத்து.

வெள்ளிக்கிழமை உன் கண்காட்சி. ஊரூர்க் குப்பத்துப் பெண்கள் முப்பது பேரின் முகங்களும் என் கேலரிச் சுவரில் ஏறிவிட்டன. நீ செம்புத் தகட்டில் அச்சடித்துக் கொடுத்தது பன்னிரண்டுதான். ஈக்காட்டுத்தாங்கல் ஷெட்டில் ஒரு முகத்துக்கு நீ எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால் மீதி அடுத்த வருஷம்தான் வரும். அதனால் அழைப்பிதழுக்காக நீ அனுப்பிய ஃபோட்டோ ஃபைல்களை வைத்து மற்றவற்றைக் கம்ப்யூட்டரில் அச்சிட்டுவிட்டேன். அதே பருத்தித் தாள். வெறும் தகட்டை மேலே வைத்து அழுத்தியதில், தகடு தாளில் பதிக்கும் ஓரத்துப் பள்ளம்கூட உன்னுடையதைப் போலவே விழுந்திருக்கிறது. ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் கீழே ‘ஃபோட்டோகிரவ்யூர்’ என்றே லேபிள்.

கோபப்படாதே. இந்தக் கண்காட்சியும் ஓடவில்லையென்றால் கேலரியைப் புடவை ஷோரூமாக்கிவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அவருடைய தி.நகர் கடையில் இடம் போதவில்லையாம். படங்களுக்குக் கண்ணாடி போடாமல் கிளிப்பில்தான் மாட்டியிருக்கிறேன். சீக்கிரம் வந்து பென்சிலால் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடு. யார் லென்ஸ் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்?

வீட்டில் லூர்துமேரி அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
தாரணி

*

ஊரூர்க் குப்பம்
4.2.2025

தாரு,

முழுதாகப் படித்துவிட்டுத்தான் கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

நீ அனுப்பியது அம்மாவின் முகம். அழகாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் அச்சு மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு அதன் பெயரைச் சொல் என்கிறேன், அவ்வளவுதான்.

ஃபோட்டோவை ஜெலட்டின் வழியாகச் செம்பில் இறக்கி, ரசாயனத்தில் அரிக்கவிட்டு, நிழல் அடர்ந்த இடமெல்லாம் ஆழமாகி, அந்த ஆழத்தில் மை தங்கி, மேலே உள்ளதைக் கையால் துடைத்து, ஈரத் தாளில் அழுத்தி எடுக்கிறோமே, இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஒரு சொல். ஓரத்துப் பள்ளத்துக்கு மட்டும் அந்தப் பெயர் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேர் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு காப்பாற்றிய பெயர்.

அம்மாவிடம் சொன்னேன். கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் நின்றாள். “ஐஸ்ல வெச்ச மீனை ஐஸ் மீனுன்னு சொல்லித்தான் விக்கிறேன். வாங்கறவ வாங்கிக்கினுதான் கீறா. உன் கூட்டாளிக்கு இன்னா பயம்?” என்றாள்.

லேபிளை மாற்று. மாற்றாவிட்டாலும் வருவேன். கையெழுத்தும் போடுவேன். உள்ளதை எழுதித்தான் போடுவேன்.

ஜாஸ்மின்

*

மயிலாப்பூர்
8.2.2025

ஜாஸ்மின்,

சொன்னபடியே செய்துவிட்டாய். கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து பென்சிலை எடுத்து, ‘கம்ப்யூட்டர் அச்சு. தகட்டில் அடித்ததல்ல. ஜாஸ்மின்’ என்று நான் அச்சிட்ட ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதிக்கொண்டே போனாய். முதல் படத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பத்ரிநாராயணன் மாமா கிட்டே போய்ப் படித்தார். “ஏம்மா தாரணி, லேபிள்ல வேற என்னமோ போட்டிருக்கே?” என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

இன்று காலை அப்பா சாவியை வாங்கிக்கொண்டார்.

உன் அச்சு எந்திரத்தை ஷெட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அது சாய்ந்துவிடாமல் லாரியின் பின்னால் நாம் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தோமே. அதை நினைத்தாவது என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

இனி எனக்கு எழுதாதே.

தாரணி

*

ஊரூர்க் குப்பம்
10.2.2025

தாரு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

தனியாகத்தான் சொன்னேன். திறப்புக்கு மூன்று நாள் முன்பே கடிதத்தில் சொன்னேன். நீதான் லேபிளைத் தொடவில்லை.

திரும்பிப் பார்த்திருந்தால் என் கை நின்றுபோயிருக்கும். அதனால்தான் பார்க்கவில்லை. லாரியில் வந்ததை மறந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

ஆனாலும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நாளைக்கே இன்னொரு முறை நடந்தாலும் இதையேதான் செய்வேன். பன்னிரண்டு படத்தை மட்டும் மாட்டிவிட்டு மீதிச் சுவரைச் சும்மா விட்டிருந்தால் என்ன? வெறும் சுவருக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? உன் அப்பாவை எதிர்த்து நிற்கத்தானே கேலரியே தொடங்கினாய்? பொய்யை வைத்துக்கொண்டு அவர் முன்னால் எப்படி நிற்பாய்?

பதில் போடாவிட்டால் போ.

ஜாஸ்மின்

*

கோட்டூர்புரம்
19.2.2025

ஜாஸ்மின்,

படம் கேட்டிருந்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிலர் வைத்துவிட்டார்கள். பத்ரிநாராயணன் மாமா நெடுநேரம் திட்டினார். திட்டி முடித்த பிறகு, செம்பில் எப்படி அடிக்கிறீர்கள், ஒருநாள் பார்க்கலாமா என்றார்.

வீட்டில் பெரிய சண்டை. அப்பா கத்தினார்: “ஏட்டி, சுயம்புலிங்கம் மக ஏமாத்திட்டான்னு நீயே ஊருக்குச் சொல்லுவியா?”

“சொல்லிட்டேன்பா. இன்னும் ரெண்டு பேரு பாக்கி. அவங்களுக்கும் சொல்லிட்டு வாறேன்.”

சாவி வரவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே பெரியம்மா மகள் ஷண்முகப்ரியா வீட்டில் இருக்கிறேன். அவள் கார் நிறுத்துகிற இடத்துக்கு வெள்ளையடித்து, சாவியைக் கொடுக்கும் முன் கழற்றிவந்த உன் பன்னிரண்டையும் மாட்டியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை திறப்பு. லேபிளை நானே கையால் எழுதினேன்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். எப்போது தீரும் என்று தெரியாது. வந்தால் என்னிடம் பேசாதே. ஆனால் அம்மாவைக் கட்டாயம் அழைத்து வா. திறந்துவைப்பவர் லூர்துமேரி அம்மா என்று அழைப்பிதழில் போட்டுவிட்டேன்.

தாரணி