ஒரு இருமலுக்குச் சிவப்பு

ஆவடி,
புதன்கிழமை

அன்பு மகள் ஹெலினாவுக்கு,

உன் அப்பா எழுதுவது. அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. போனில் சொல்லப் போனால் சிரித்து மழுப்பிவிடுகிறேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் கார்த்திகா நாளை மறுநாள் மஸ்கட் திரும்புகிறாள். அவள் கையில் அம்மாவின் அதிரசமும் என் கடிதமும் வரும். முதலில் அதிரசத்தைத் தின்றுவிடு.

போன ஞாயிறு நம் காலனியில் கேரம் போட்டி. இரட்டையர் ஃபைனலில் நானும் யூசுப் மாமாவும். ரிட்டையராகி நூம்பலில் குடியேறிய பிறகும் இதற்கென்றே பஸ் பிடித்து வருகிறான், பாவி. எதிரணியில் காட்டுப்பாக்கம் பூபாலனும் அவன் தம்பியும்.

இங்கே ஒரு பாவத்தை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. ஆட்டத்தில் ஜோடிகள் பேசிக்கொள்ளக்கூடாது என்பது சட்டம். நாங்கள் பேசியதில்லை, இருமினோம். ஒரு இருமல் என்றால் சிவப்பை அடி. இரண்டு என்றால் விட்டுவை. நீ துடைத்துத் துடைத்து ஷோகேஸில் வைத்தாயே கப்புகள், அதில் பாதி எங்கள் தொண்டை வாங்கியவை.

கடைசி போர்டு. யூசுப் ஒரு தரம் இருமினான். சிவப்புக்குப் பின்னாலேயே ஃபாலோ போட ஒரு காயும் தோதாக இல்லை என்று என் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் இருமலை நம்பி அடித்தேன். சிவப்பு விழுந்தது, ஃபாலோ விழவில்லை. சிவப்பு மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்தது. பூபாலன் இரண்டே அடியில் முடித்துவிட்டான்.

அப்புறம் எனக்கு என்ன பிடித்ததென்று தெரியவில்லை. பரிசு ஒரு எவர்சில்வர் குடம், நம் வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கிறது. அதற்குப் போய் ஐம்பத்தொன்பது வயதுக்காரன் எழுந்து, பவுடர் டப்பாவை யூசுப் தலையில் கவிழ்த்தேன். "இன்னாத்துக்குடா ஒரு தபா இருமினே? ரெண்டு தபாதானே இருமணும்!" என்று ஹால் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

பிறகு பூபாலன், "அண்ணாத்தே, அப்போ இத்தினி வருசமா இருமிகினேதான் கப்பு அடிச்சீங்களா?" என்றான். ஹாலே அதிரும்படி சிரித்தார்கள். உன் அம்மாவும்தான்.

யூசுப் சிரிக்கவில்லை. இமையில் ஒட்டிய பவுடரைத் துடைத்துக்கொண்டு, "அது நம்ம இருமல் இல்ல மாமே. நெசமாவே இருமல். ரெண்டு மாசமா கீது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். வாசலில் பவுடர் நெடி தாங்காமல் இருமினான். அதற்கும் சிரித்தார்கள்.

இரண்டு மாதமும் வாரா வாரம் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான், ஹெலினா. சட்டை தோளில் தொங்குவதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அப்போது போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வேலப்பன்சாவடியில் பஸ் இறங்கி, நூம்பலில் அவன் வீட்டு கேட் வரைக்கும் போனேன். உள்ளே இருமல் கேட்டது. வெட்கங்கெட்ட மூளை எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எங்கள் பாஷையில் நான்குக்கு அர்த்தமே கிடையாது. கேட்டைத் தொடாமல் திரும்பிவிட்டேன்.

நீ நர்ஸ். நீ சொன்னால் கேட்பான். இதைப் படித்ததும் அவனுக்குப் போன் போடு. எக்ஸ்ரே எடுக்கச் சொல், சளியைச் சோதிக்கச் சொல். துணைக்கு ஆளில்லை என்பான். ஒரு தண்ட ஆள் ஆவடியில் சும்மா கிடக்கிறான் என்று சொல். என் பெயரைக் கேட்டதும் இருமுகிறானா பார். ஒரு தரம் என்றால் உடனே எனக்குச் சொல். இரண்டு தரம் என்றால், அப்பாவுக்காக ஒரு பொய், ஒன்று என்றே சொல். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். அவனுக்கும்.

இப்படிக்கு,
பவுடர் டப்பாவைத் தூக்கிய கையால்,
உன் அப்பா ராயப்பன்