அப்பம் சுற்றிய மெழுகுத்துணி

அலைமுகத்துக் காவலர், வெண்கரை நாடாளும் திருவாழிப் பெருமான் வாய்மொழிப்படி அமைச்சர் பேரரையன் எழுதும் ஓலை. துறையூர்த் தலைவர்கள் அனைவரும் காண்க. உங்கள் வலைகள் நிறைக. உங்கள் கிணறுகள் இனிக்க. நம் அரசருக்குத் திருமணம் கூடிவிட்டது. எழுதும் கை துள்ளுவதால் எழுத்தாணி ஓலையை ஆங்காங்கே கிழித்திருக்கிறது, பொறுத்தருள்க.

தேன்வரை நாட்டரசி காந்தளம்மையார் மணப்பேச்சுக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். வெண்கரையின் கருப்பட்டி அப்பத்தை, சுட்ட அன்றைய மென்மை குன்றாமல், தம் மலையில் இருந்தபடியே உண்ண வேண்டும் என்பதே அது. ஓர் அப்பத்தைக் கெடாமல் அனுப்பத் தெரியாத நாட்டோடு உறவு மட்டும் எவ்வாறு கெடாமல் இருக்கும் என்றும் அவர் கேட்டிருந்தார்.

பொறுப்பு மடைப்பள்ளித் தலைவி குவளைநங்கையின் தலையில் விழுந்தது. முதலில் வாழையிலையில் கட்டி அனுப்பினார். மலையேறுவதற்குள் இலை காய்ந்து, அப்பம் ஓடாயிற்று. அடுத்து, தீவு வணிகர் விற்கும் பளிங்குத்தாளில் சுற்றினார். உள்ளிருப்பது வெளியே தெரியும் அத்தாளை ஒருமுறை சுற்றி எறிந்துவிடுவது வழக்கம். எறிந்தது மட்கவே மட்காது. அதனுள் அப்பம் வியர்த்துப் பூசணம் பூத்தது. போதாக்குறைக்கு, எறிந்த தாளை அரசியாரின் செல்லக் கன்று விழுங்கிவிட, மருத்துவர் அரும்பாடுபட்டு அதைக் காப்பாற்றினார்.

"உங்கள் அரசரின் அன்பு என் கன்றின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இன்னும் ஒருமுறை பார்ப்பேன், அதன்பின் பேச்சில்லை" என்று அரசியார் சொல்லி அனுப்பினார்.

குவளைநங்கைக்குச் சோறு இறங்கவில்லை. அரசர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாதது அவரை இன்னும் வாட்டியது. மனம் பொறாமல் துறைப்பக்கம் நடந்தவர், பாய் தைப்போர் நூலுக்குத் தேன்மெழுகு பூசுவதைக் கண்டார். தூறலில் கிடந்த நூற்கண்டின்மேல் நீர் முத்து முத்தாக உருண்டோடியது. நூலுக்கு ஆவது துணிக்கு ஆகாதா என்று எண்ணியவர், ஓடாத குறையாக அடுக்களைக்குத் திரும்பினார்.

மெழுகை உருக்கிப் பருத்தித் துணியில் தடவினார், மடித்ததும் வெடித்தது. தேங்காயெண்ணெய் சேர்த்தார், வளைந்தது, ஆனால் ஒட்டவில்லை. படகின் இடுக்கை அடைக்கும் குங்கிலியத்தைப் பொடித்துச் சிறிது கலந்தார். இம்முறை கைச்சூடு பட்டதும் துணி கிண்ணத்தின் வாயைச் சிக்கெனப் பற்றிக்கொண்டது. கிண்ணத்தைக் கவிழ்த்தும் உள்ளிருந்த பயறு ஒன்றும் சிந்தவில்லை. குவளைநங்கை சிரித்த சிரிப்பு அரசவை வரைக்கும் கேட்டது.

அரசரே எழுந்து வந்துவிட்டார். "எனக்கும் ஒரு துணி கொடு, குவளை. என் கல்யாணத்துக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா" என்றார். உற்சாக மிகுதியில் மெழுகை அள்ளிப் பூசி ஓங்கி அழுத்த, துணியும் கையும் ஒன்றாயின.

"இவ்வளவு அழுத்த வேண்டா, பெருமானே. உள்ளங்கைச் சூடே போதும்" என்றார் குவளைநங்கை.

"அதை இனி என் கையிடம் சொல்" என்றார் அரசர். எண்ணெய் தேய்த்து விடுவிக்கும்வரை, காண வந்த வணிகர்க்கெல்லாம் அவர் துணியோடுதான் கைகூப்பினார்.

மெழுகுத்துணியில் சுற்றிய அப்பம் ஒரு குதிரைவீரன் கையில் மலைக்குப் புறப்பட்டது. அதன்பின்தான் குவளைநங்கைக்கு ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. இலையும் தாளும் திரும்பி வருவன அல்ல. துணியோ திரும்பி வரும். பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பினால் உறவு வேண்டா என்பதே இரு நாட்டிலும் பொருள். அக்குதிரைவீரன் திரும்பி வந்திறங்கியதும், அவன் கையிலிருந்ததை வாங்க அவருக்குத் துணிவு வரவில்லை. அரசர்தாம் வாங்கினார். கனமாக இருந்தது. பிரித்தால் பொன்னிறப் பலாச்சுளைகள், பறித்த மணம் மாறாமல்.

"அப்பம் மெத்தென்று இருந்தது. துணியைக் குளிர்ந்த நீரில் அலசி அனுப்புகிறேன். இது நம் இரு வீட்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கட்டும்" என்று அரசியார் சொல்லியிருந்தார். குவளைநங்கை அழுதார், அழுதபடியே ஒரு சுளையை எடுத்து அரசர் வாயில் ஊட்டிவிட்டார். அவைமுறை அறிந்த எவரும் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

ஆகவே அரசாணை: பளிங்குத்தாள் ஏற்றிய கலம் எதுவும் இனி நம் துறைகளில் சரக்கு இறக்கலாகாது. மணநாளுக்கு வருவோர் பணியாரங்களை மெழுகுத்துணியில் சுற்றிக் கொண்டுவருக. அத்துணியில் பச்சை மீனைப் பொதியற்க, வெந்நீரில் அலசற்க, பிடி தளர்ந்தால் இளஞ்சூட்டில் காட்டி மீண்டும் கொள்க. வெறுந்துணியோடு எவரையும் திருப்பி அனுப்பமாட்டோம்.

அரண்மனை மெழுகு முழுவதும் துணிக்கே போய்விட்டமையால் இவ்வோலைக்குக் களிமண்ணில் இலச்சினை இடப்பட்டது. தலைவர்கள் ஐயுறாது ஆணையை நிறைவேற்றுக. வரும்போது ஆளுக்குச் சிறிது மெழுகும் கொண்டுவருக.