நாற்பது வீடுகள்

மரக்காணம்
18.3.2025

அன்புள்ள அசோகா,

நலம்தானே? மகள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்ததை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கக் கூச்சம். அதனால்தான் தபால்.

போன மாதம் என் உப்புப் பாத்தித் தண்ணீரின் உப்படர்த்தி இருபத்துநான்கு டிகிரி என்றேன். இருபத்திரண்டுதான் என்றாய். மறுபடி அளந்து பார்த்துத் திருத்திக்கொண்டேன். அதே பாத்தி வரப்பில் நின்று, உப்பளத் தொழிலாளர்களுக்கு எங்கள் கட்சி கட்டிய வீடுகள் நாற்பது இல்லை, பதினொன்றுதான் என்றாய். "இனி என் வரப்பில் கால் வைக்காதே" என்று கத்திவிட்டேன். முப்பது வருடம் அறிவியல் நடத்தியவன் நான்.

ஒரு பத்திரிகையில் படித்தேன். அரசியல் நம்பிக்கையை யாராவது மறுத்தால், ஆபத்து வந்ததுபோல் மூளை விழித்துக்கொள்கிறதாம். மற்ற விஷயங்களில் அவ்வளவு இல்லையாம். என்னையே சோதித்தேன். சும்மா இருக்கையில் நாடி எழுபத்திரண்டு. டிகிரியை நினைத்தால் எழுபத்துநான்கு. பதினொன்றை நினைத்தால் தொண்ணூற்றெட்டு. மூன்று முறை பார்த்தேன். ஆனாலும் பிழை இருக்கலாம்.

உன்
சிவஞானம்

இடையஞ்சாவடி
25.3.2025

வாத்தியாரே,

கடுதாசி வந்துச்சு. பேத்தி பூஜா எட்டிப் பாத்துட்டு, "நாடியெல்லாம் துடிக்குதே, லவ் லெட்டரா தாத்தா?"ன்னு கேக்குறா.

நாடி புடிச்சது போதும்பா. அந்தக் காலனி உன் வீட்லேருந்து சைக்கிள்ல பத்து நிமிஷம். போய் எண்ணினியா இல்லியா? பெய்யிற மழையையே நோட்டுல எழுதி வைக்கிற ஆளு, வீட்டை எண்ண மாட்டியா?

அசோகன்

மரக்காணம்
1.4.2025

அன்புள்ள அசோகா,

எண்ணவில்லை. நேற்று கிளம்பினேன். காலனி வளைவு வரை போய், சைக்கிள் செயின் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். செயின் நன்றாகத்தான் இருக்கிறது.

வரும் வழியில், 'பதினொன்றே இருந்தாலும் மீதியைக் கீழ்புத்துப்பட்டில் கட்டியிருப்பார்கள்' என்று மனம் பதிலைத் தயாரித்துவிட்டது. எண்ணுவதற்கு முன்பே! தனியாகப் போனால் கூட்டி எண்ணிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீ வருவாயா?

வரப்பில் சொன்னதை மன்னித்துவிடு.

சிவஞானம்

இடையஞ்சாவடி
7.4.2025

வாத்தியாரே,

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். பதினொண்ணுன்னு எங்க கட்சி வேல்முருகன் சொன்னான். நானும் போய் எண்ணலை. உன் கடுதாசியைப் படிச்சிட்டு நாடியைப் புடிச்சுப் பாத்தேன். எவ்வளவுன்னு கேக்காதே.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம், வாய்விட்டு. போனை எடுத்து வை. பிளாக்கை எடுக்க பூஜா சொல்லிக் குடுத்துட்டா.

பஸ்ஸை விட்டு எறங்கி, உன் வரப்பு மேலயேதான் நடந்து வருவேன்.

அசோகன்