வால் செருகிய முடிச்சு

பைன் கூலி, மொன்டானா
12 அக்டோபர் 1996

வெயிலில் காயும் என் ஐரிஸுக்கு,

நம் மேயரைச் சுட்டுவிட்டார்கள்.

பதறாதே, நாம் ஓட்டுப் போட்ட மேயர் சௌக்கியம். நான் சொல்வது அந்த எல்க் மானை. இடது கொம்பு காதோரம் தொங்க, சர்ச் விடும் நேரம் பார்த்து வண்டிகளையெல்லாம் நிறுத்தித் தெருவைக் கடப்பானே, அவன். புதன்கிழமை மதியம் தபால் வண்டியில் பெர்க் பண்ணையைத் தாண்டும்போது காக்கைக் கூட்டம் கண்ணில் பட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால் தலையைக் கொம்போடு வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள், அந்தப் பெரிய உடம்பை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடக்கூடிய இறைச்சி அப்படியே கிடக்கிறது. துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி தரும் சீசன் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பாவிக்கு அதற்குள் அவசரம்.

தபால் நிலையச் சுவரில் ‘திருட்டு வேட்டையைக் கண்டால் கூப்பிடுங்கள்’ என்று ஒரு நோட்டீஸ் உண்டு. மூன்று வருடம் முன்பு ஒட்டியது நான்தான். அந்த எண்ணுக்கு நானே கூப்பிடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. பெயர் சொல்ல வாயெடுத்தேன். “பேரெல்லாம் வேணாம்மா. இன்னையிலேர்ந்து நீங்க நானூத்திப் பதினேழு” என்றார்கள். ஐம்பத்தெட்டு வயதில் உளவாளி ஆகிவிட்டேன்.

அன்றைக்கே வனவிலங்கு அதிகாரி வந்தார். பெண்தான், பூட்ஸ் முழுக்கச் சேறு. கேள், பெர்க் பண்ணை வேலிக் கதவின் கம்பி அறுந்திருந்தது. சுட்டவன் போகும்போது வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றால் கதவைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். மானைக் கொன்றவனுக்கு மாடு வெளியே போய்விடும் என்ற கவலை. பெர்க் குனிந்து பார்த்துவிட்டு, “இது என் முடிச்சு இல்ல” என்றார்.

யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம். நீ யாரோவா என்ன.

உன்
வெர்னா (417)


மெஸா, அரிசோனா
17 அக்டோபர்

மேன்மை பொருந்திய 417-க்கு,

மூன்று தடவை வாசித்துவிட்டேன். இங்கே பெரிய சம்பவம் என்றால் பக்கத்து வீட்டுக்காரி என் எலுமிச்சையைப் பறிப்பதுதான். நீயானால் துப்புத் துலக்குகிறாய். வயிறு எரிகிறது.

யாராயிருந்தாலும் விடாதே. கவர்னரே ஆனாலும் மாட்டிவிடு. மேயரை நினைத்து நேற்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த முடிச்சைப் படமாக வரைந்து அனுப்பு. என் அப்பா எப்பேர்ப்பட்ட முடிச்சுப் பைத்தியம் என்று உனக்குத் தெரியும். கட்டியவன் இடதுகையனா என்பதையாவது சொல்வேன்.

ஆர்லோவைக் கண்டால் போன் பண்ணச் சொல். அக்கா என்று ஒருத்தி இருப்பது என் தம்பிக்குக் கிறிஸ்துமஸ் வந்தால்தான் ஞாபகம் வருகிறது.

பொறாமையோடு
ஐரிஸ்


பைன் கூலி
23 அக்டோபர்

என் ஐரிஸ்,

இதோ படம். என் ஓவியத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனியைத் திருப்பி உள்ளே செருகியிருக்கிறான். வெளியே ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. கயிற்றை அதிகாரி காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

என்னைத் தொடர்ந்து பதினோரு பேர் கூப்பிட்டுவிட்டார்களாம். இந்த ஊரில் இத்தனை கண்ணா? ஒருவர் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நேரம் சொன்னாராம், இன்னொருவர் பச்சை வண்டி என்றாராம். தபால் போடும்போதெல்லாம் இப்போது கதவுகளைத்தான் பார்க்கிறேன். இருபது கதவு பார்த்தாயிற்று. சங்கிலி, கொக்கி, ஒரு இடத்தில் பழைய பெல்ட். நம் முடிச்சு இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்துவிடும். ராத்திரி தூக்கமே வரமாட்டேன் என்கிறது, அவ்வளவு பரபரப்பு.

ஆர்லோவைக் கடையில் பார்த்தேன். “அடுத்த வாரம் பேசுறேன்னு சொல்லுங்க வெர்னாக்கா” என்றான். அவசரத்தில் இருந்தான்.

வெர்னா (இன்னும் 417)


மெஸா
29 அக்டோபர்

அன்புள்ள வெர்னா,

கடிதம் கிடைத்தது. இங்கே இன்னும் வெயில்தான். எலுமிச்சை நிறையக் காய்த்திருக்கிறது. பூசணி கேக் சுட்டேன், அடி பிடித்துவிட்டது. முழங்கால் வலி பரவாயில்லை. ஆர்லோ பேசினான், நன்றாக இருக்கிறானாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐரிஸ்


பைன் கூலி
5 நவம்பர்

ஐரிஸ்,

முதலில் கோபம்தான் வந்தது. படத்தை நீதான் கேட்டாய். வரைந்து அனுப்பினால் பூசணி கேக்கைப் பற்றி எழுதுகிறாய்.

நேற்று ஆர்லோ வீட்டுத் தபால் பெட்டியில் மின்சார பில்லைப் போட்டேன். ஆறு வருடமாகப் போடும் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் கதவை இதுவரை நான் பார்த்ததே இல்லை, தெரிந்த வீடு என்று. ஆரஞ்சுக் கயிறு. இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனி உள்ளே. கொட்டகைப் பக்கம் அவனுடைய பச்சை வண்டி.

படத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் துப்பாக்கி போகும், வேட்டை உரிமம் போகும். எண் 417 என்றாலும் ஊருக்குத் தெரியாதா, எல்லார் வீட்டுக் கதவையும் தினம் பார்ப்பவள் ஒருத்திதானே. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நீ. உன் தம்பியை நான் காட்டிக்கொடுத்தால் நீ எனக்கு மறுபடி எழுதுவாயா? அது ஒன்றுதான் என் பயம்.

பதினைந்தாம் தேதி அதிகாரி வருகிறார். நேருக்கு நேர் கேட்டால் எனக்குப் பொய் வராது. அதற்குள் எழுது.

வெர்னா


மெஸா
9 நவம்பர்

என் வெர்னா,

தெரியும். உறையைப் பிரித்த நிமிடமே தெரியும். நுனி வெளியே தொங்கினால் கன்று மெல்லும், குடலில் சிக்கிச் சாகும் என்று அப்பா எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த முடிச்சு அது. ஐந்து வயதில் ஆர்லோவின் கையைப் பிடித்து அதைக் கட்டப் பழக்கியவள் நான். அதனால்தான் எலுமிச்சையைப் பற்றி எழுதினேன். என்னை மன்னித்துவிடு.

நேற்று அவனைக் கூப்பிட்டேன்.

“கெழட்டு மான்க்கா. அதுக்குப் போய் இவ்ளோ கலாட்டாவா?”

“தலையை என்னடா பண்ணின?”

“கொட்டகையில இருக்கு. நீ ஏன் கேக்குற?”

“அந்த நோட்டீஸ் நம்பருக்கு நீயே கூப்பிட்டுச் சொல்லிடு. நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நான் கூப்பிடுவேன்.”

அவன் சிரித்தான், வெர்னா. சின்ன வயதில் நான் அடிப்பேன் என்று மிரட்டும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு.

இன்று பத்தேகாலுக்கு உன் நோட்டீஸ்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கூப்பிடவே இல்லையாம். நான் சொன்னேன். சொல்லி முடித்தபோது எத்தனையோ நாள் கழித்து மூச்சு விட்டது போல இருந்தது. எனக்கும் ஒரு எண் தருகிறோம் என்றார்கள்.

“எண் வேணாம்மா. பேரை எழுதிக்கோங்க. ஐரிஸ் லுண்ட். யார் சொன்னதுன்னு அவன் கேட்டா, அக்கான்னு சொல்லுங்க” என்றேன்.

இனி ஊர் உன் பக்கம் விரல் நீட்டாது. அதிகாரி வந்தால் காபி கொடு, பார்த்ததைச் சொல்.

ஆர்லோவுக்கும் இன்றைக்கே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். எப்படியும் உன் கையால்தான் அவன் பெட்டிக்குப் போகும். பிரிக்காமல் திருப்பி அனுப்பினான் என்றால் என்னிடம் மறைக்காதே. வேறு உறையில் போட்டு மறுபடி அனுப்புவேன்.

என்றும் உன்
ஐரிஸ்